தானாக நகரும் அம்பு

தாராவி,
4-7-2025

அன்பு மகள் பானுமதிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீ பெங்களூரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

முதலில் என் மானம் போன கதை. போன வாரம் உனக்கு மெயிலில் அடித்த கடிதத்தை அம்மாவிடம் காட்டலாம் என்று பிரிண்ட் கொடுத்தேன். லேப் பிரிண்டர் முன்னால், பந்தியில் இலை போடக் காத்திருக்கிறவன் மாதிரி நின்றேன். தாள் வரவில்லை. இன்னும் இரண்டு தடவை அழுத்தினேன். மூன்று பிரதியும் மாடியில் எச்.எம். அறையில் போய் விழுந்திருக்கின்றன. எல்லா மெஷினையும் உன் கம்பெனி மூலமாக நீ ஒன்றோடொன்று இணைத்து வைத்திருப்பது இந்தப் பள்ளிக்கூடத்துக்கே தெரியும். லேப் அட்டெண்டரான எனக்கு மட்டும் மறந்துவிட்டது. அதில் எச்.எம். குறட்டையைப் பற்றி வேறு எழுதியிருந்தேன்!

நல்ல வேளை, அப்போது அங்கே இருந்தது உமைரா டீச்சர். அறிவியல் எடுக்கிறவர், கடையநல்லூர்ப் பக்கம். மூன்று தாளையும் நாலாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். "அண்ணாச்சி, ‘அன்பு மகள்’னு பாத்ததும் மடிச்சிட்டேன். மேக்கொண்டு படிக்கல." முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே படிக்கவில்லை.

அடுத்தது வயிற்றைக் குமட்டுகிற சமாச்சாரம். மெஷின்களை எல்லாம் இணைக்கிற அந்த இரும்புப் பெட்டியையும் பேட்டரிகளையும் வைக்க, பூட்டுப் போட்ட அறை ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தாய் அல்லவா? பள்ளிச் செகரட்டரி பிரம்மநாயகம் எந்த அறையைக் கொடுத்தார் தெரியுமா? பெண் பிள்ளைகளின் கக்கூஸை. ஒழுங்கான பூட்டு இருப்பது அதற்கு மட்டும்தானாம். பீங்கான்மேல் பலகை போட்டு உன் பெட்டியை உட்கார வைத்திருக்கிறார்கள். திறப்பு விழாவில் அதற்கு மாலை சாத்தி, சந்தனம் தடவி, பூசணிக்காய் உடைத்தார். நாற்றம் தாங்காமல் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே பொட்டு வைத்தார். உள்ளே பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் ரோட்டைத் தாண்டிப் பொதுக் கழிப்பிடத்தில் வரிசை நிற்கிறார்கள். த்தூ!

சாயங்காலம் நீ வருவது ஒன்றுதான் ஆறுதல். மெஷின்களைச் சரிபார்க்க நீ அங்கிருந்தபடியே உள்ளே நுழையும்போது, யாரும் மவுஸைத் தொடாமல் திரையில் அம்பு இரண்டு வட்டம் போடுமே, வாசலில் நீ செருப்பைக் கழற்றுகிற மாதிரியே இருக்கிறது. அப்புறம் ‘அப்பா, சாப்ட்டீயளா?’ என்று எழுத்து வரும். பதிலுக்கு ஒற்றை விரலால் ‘ம்’ அடிக்கவே எனக்கு அரை நிமிடம் ஆகிறது.

உன் அன்பு அப்பா,
பூலோகம்


பெங்களூர்,
8-7-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பிரிண்ட் கதையைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. பிரிண்டரைச் சரிசெய்துவிட்டேன். இனி எச்.எம்.மைத் தைரியமாகத் திட்டலாம்.

கக்கூஸ் விஷயம் சத்தியமாகத் தெரியாது அப்பா. எனக்குப் படம் மட்டும்தான் அனுப்பினார்கள். சுவரெல்லாம் வெள்ளை டைல்ஸ். பளிச்சென்று நல்ல அறையாக இருக்கிறதே என்று நானும் சரி சொல்லிவிட்டேன். செகரட்டரி சாரிடம் கேட்கிறேன்.

டீச்சர்களிடம் ஒன்று சொல்லுங்கள். ஆளாளுக்குத் தனிப் பெயரும் தனி பாஸ்வேர்டும் கொடுத்திருக்கிறேன். ஒருத்தர் எழுதி வைப்பதை இன்னொருத்தர் திறக்க முடியாது. பயப்படாமல் எழுதலாம். அது என் பொறுப்பு.

அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

உங்கள் மகள்,
பானு


தாராவி,
22-8-2025

அன்பு மகள் பானுவுக்கு,

நீ சொன்னதை ஸ்டாஃப் ரூமில் மைக் இல்லாத குறையாக அறிவித்தேன். "எம்மவ பொறுப்புன்னு சொல்லிட்டா. ஒரு ஈ எட்டிப் பாக்க முடியாது" என்றேன். என்னமோ நானே செய்து மாட்டின மாதிரி. உமைரா டீச்சர் மட்டும் திரும்பக் கேட்டார்: "நெசமாவா அண்ணாச்சி?" நெஞ்சில் கை வைத்து, நிஜம் என்றேன். இப்போது தினமும் பள்ளி விட்ட பிறகு லேப்பில் உட்கார்ந்து ஏதோ அடிக்கிறார். என்னவென்று நான் கேட்கவில்லை. என் தாளை மடித்துக் கொடுத்தவர் அல்லவா?

கக்கூஸ் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. ரோட்டைத் தாண்டக் கூச்சப்பட்டுப் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. ஏழாம் வகுப்பு அஃப்ஷா அடக்கி அடக்கி, காய்ச்சலும் நீர்க்கடுப்புமாகச் சயான் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தாள். அவள் அம்மா வந்து நின்ற நிற்பில் பள்ளிக்கூடம் அதிர்ந்தது.

"ஒங்க மெஷினுக்கு ரூம்பு, எம்புள்ளைக்கு ரோடா?"

எச்.எம். சொன்ன பதிலைக் கேள்: "லஃப்டா பண்ணாதீங்கம்மா, கலாட்டா வேணாம். வீட்ல இருந்தே போயிட்டு வரச் சொல்லுங்க."

அந்த ஆளுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்த கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். நாற்றம் போகவில்லை. செகரட்டரியோ, பெற்றவர்களைத் தூண்டிவிடுவது யார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு திரிகிறார். நீ அவரிடம் கேட்டாயா, இல்லையா?

உன் அன்பு அப்பா,
பூலோகம்


பெங்களூர்,
3-9-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கேட்டேன். பரீட்சை முடிந்ததும் பார்க்கலாம் என்றார். மேலே வற்புறுத்த முடியவில்லை. அவர்களுடைய அம்பர்நாத், உல்லாஸ்நகர் பள்ளிகளின் கம்ப்யூட்டர் வேலையையும் எங்கள் கம்பெனிக்கே கொடுப்பது பற்றிப் பேச்சு நடக்கிறது. கிடைத்துவிட்டால் என்னை மும்பைக்கே மாற்றிவிடுவார்கள். நம் வீட்டிலேயே இருப்பேன் அப்பா. அம்மாவிடம் இப்போதே சொல்லாதீர்கள், உறுதியாகட்டும்.

செகரட்டரி சார் தினமும் ஏதாவது உதவி கேட்கிறார். செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது. அட்மின் வேலை என்றால் அப்படித்தான்.

சாயங்காலம் முன்போல் வர முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மகள்,
பானு


தாராவி,
13-9-2025

பானுமதிக்கு,

இதைக் கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். மெஷினில் அடித்தால் நான் முடிப்பதற்குள்ளேயே நீ படித்துவிட முடியும் என்று இப்போது தெரியும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லேப்பைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அம்பு அசைந்தது. விளக்குமாற்றை எறிந்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கிறுக்கன். அம்பு வட்டம் போடவில்லை. நேராக உமைரா டீச்சர் பெயருக்குப் போய், அவர் எழுதி வைத்திருந்ததைத் திறந்தது. ‘கல்வி அதிகாரி அவர்களுக்கு’ என்று மேலே தெரிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ திருப்பிக்கொள்ளவில்லை. கடைசிப் பக்கம் வரைக்கும் இறங்கி, நகல் எடுத்தது என் ஓரக்கண்ணில் தெரிந்தது. வழக்கமாக நாம் பேசுகிற இடத்தைத் திறந்து ‘பானு, நீயா?’ என்று தடவித் தடவி அடித்தேன். அம்பு அப்படியே நின்றது. பிறகு காணாமல் போனது. சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை.

மறுநாள் செகரட்டரி டீச்சரை எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்து அந்த நகலை வாசித்தார். அஃப்ஷாவின் காய்ச்சல் வந்த இடத்தில் கொட்டாவி விட்டார். கக்கூஸ் வந்த இடத்தில் சிரித்தார். "நம்ம மெஷின்லயே ஒக்காந்து நமக்கே குழி வெட்டுதீயளோ டீச்சர்?" கூட நின்றவர்களும் சிரித்தார்கள். அன்றைக்கே டீச்சரின் வேலை போயிற்று.

ராத்திரி நீ போனில் சொன்னாய்: "மெஷின் அவங்களோடது அப்பா. கேட்டா எடுத்துக் குடுக்கணும். அவ்வளவுதான்." அந்தப் பெட்டி இருக்கிற இடத்து நாற்றம் பெங்களூர் வரைக்கும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவும் இல்லை.

டீச்சர் அதே மனுவை வீட்டில் உட்கார்ந்து கையால் எழுதியிருக்கிறார். அஃப்ஷாவின் அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். சாட்சிக்கு என்னையும் கேட்டார். போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார், போட்டேன். மேலே இருந்ததைப் படிக்கவில்லை. அட்டெண்டர் வேலை இன்னும் எத்தனை நாளைக்கோ. இரண்டு கவரையும், அதையும் உன்னுடையதையும், ஒரே தபால்பெட்டியில் போடப்போகிறேன்.

நீ மும்பைக்கு வரப்போவதை அம்மாவிடம் சொல்லவில்லை. அதைச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டும்.

கவரை என் கையில் கொடுக்கும்போது டீச்சர் கேட்டார்: "நான் இன்னும் அனுப்பவே இல்லையே அண்ணாச்சி. பாஸ்வேர்டு ஒரு ஆளுக்குச் சொல்லல. யாரு தெறந்திருப்பா?"

வைரஸாக இருக்கும் என்றேன். கரண்ட் போய்ப் போய் வந்தால் இப்படி ஆகும் என்றேன். மழைக்காலத்து ஈரம் என்றுகூடச் சொன்னேன். பாவம், அதற்கும் தலையாட்டினார். வாய் வரைக்கும் வந்த ஒன்றை மட்டும் எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

"எம்மவதான் டீச்சர்."

பூலோகம்