நாற்பதாவது மணி நேரம்

ஆகஸ்ட் 19

அன்புள்ளவருக்கு,

பெயரைப் போட்டு எழுதினால் ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கிறது. ‘என்னங்க’ என்று ஆரம்பித்தால் வழக்கம்போலக் காதில் விழாதது மாதிரி இருந்துவிடுவீர்கள். அதனால்தான் இப்படி. போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை, நாலாவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும், பிறகு படிக்கலாம்.

செய்தி இதுதான். நான் சமுதாயக் கல்லூரியில் மசாஜ் தெரபி படிப்பில் சேர்ந்துவிட்டேன். ஆறு மாதம். டிசம்பரில் சான்றிதழ் தருவார்கள், அது கையில் இருந்தால் வேலை கிடைக்கும். உங்கள் தங்கைக்குத் தெரியும். அவள் வாயில் எதுவும் தங்காது, அவள் முந்துவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

பதினேழு வருடம் இன்சூரன்ஸ் ஆபீசில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கினேன். இப்போது அந்த வேலையை ஒரு இயந்திரத்திடம் கொடுத்துவிட்டார்கள். திட்டினால் அதற்கு உறைக்காது, கொடுத்துவைத்தது. ஜனவரியில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மாற்றல் எழுதிக் கொடுத்துவிட்டு நீங்கள் போனீர்கள். மார்ச்சில் வேலையும் போனது. அதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்திலிருந்து சமையலறை, அங்கிருந்து பால்கனி, மறுபடி கூடம். துவைத்த துணியையே எடுத்துத் துவைத்திருக்கிறேன். கைக்கு வேலை கொடுக்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

வகுப்பில் பதினோரு பேர். நாற்பத்து நாலு வயதில் நான்தான் எல்லோருக்கும் மூத்தவள் என்று கூசிக்கொண்டு போனேன். தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற ஒருவர் வந்து என் மானத்தைக் காப்பாற்றினார். இன்னும் யாரையும் தொட விடவில்லை. எலும்பு, எலும்பு, எலும்பு. இருநூற்றாறையும் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். தோள்பட்டையைப் பார்க்காமல் பால் எடுக்க முடியாது.

பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
நான்தான்


ஆகஸ்ட் 30

நலம். நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்துக்கு இரண்டு நாள் முன்பே என் தங்கை போன் செய்துவிட்டாள். அவளை முந்த இன்னும் ஆள் பிறக்கவில்லை.

மாற்றலைப் பற்றிக் குத்திக் காட்டியிருக்கிறாய். நீ மட்டும் என்ன, சேர்ந்து ஆறு வாரம் கழித்து எழுதுகிறாய். சரிக்குச் சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன். மரியாதையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள், இனிமேல் கண்டவன் முதுகையெல்லாம் தேய்க்கப் போகிறாயா? எனக்குப் பிடிக்கவில்லை. மனசில் வைத்துக்கொண்டு வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது.

நான் மூன்றாவது அறைக்கு மாறியிருக்கிறேன். முதல் அறையில் மேல் வீட்டுக் குழாய் சொட்டியது. இரண்டாவதில் வீட்டுக்காரர் ஓயாமல் செருமினார். இது லிப்டுக்கு ஒட்டிய அறை. பகல் முழுக்க லிப்ட் ரிப்பேர் செய்துவிட்டு வந்து படுத்தால், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு லிப்ட் ஏறி இறங்குகிறது. கயிறு தேய்ந்திருப்பது சத்தத்திலேயே தெரிகிறது. எங்கேயும் கால் தரிக்கவில்லை எனக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
லிப்ட் மெக்கானிக்


செப்டம்பர் 24

மரியாதைக்குரிய லிப்ட் மெக்கானிக் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று வாரம் கோபமாக இருந்தேன். இன்னும் கோபம்தான், ஆனால் கை ஊறுகிறது, எழுதுகிறேன்.

கண்டவன் முதுகை நாங்கள் தேய்ப்பதில்லை. முதலில் ஒரு படிவம். என்ன வலி, எத்தனை நாளாக, என்ன மருந்து, எங்கே தொடக் கூடாது என்று எல்லாம் அவர்களே எழுத வேண்டும். பிறகு மேலே ஒரு துணி. எந்த இடத்தில் வேலையோ அதை மட்டும் விலக்கி, முடிந்ததும் மூடிவிட வேண்டும். கையைக் கழுவி, தேய்த்துச் சூடாக்கி, “தொடலாமா?” என்று கேட்க வேண்டும். அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் கை போகும். அழுத்தம் எப்படி இருக்கிறது என்று ஒன்றிலிருந்து பத்துவரை எண் கேட்க வேண்டும். போதும் என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். ஏன், எதற்கு என்று பேச்சே கிடையாது.

எனக்கு இந்தக் கேட்பதுதான் வரவில்லை. முதல் நாள், கூடப் படிக்கும் அழகுநிலையப் பெண்ணின் முதுகில் பாத்திரம் விளக்குவது மாதிரி இறங்கிவிட்டேன். டீச்சர் ஓடி வந்தார். “அவங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க, உங்க கைக்குத் தெரியலையா?” என்றார். தெரியவில்லை. எனக்கு அவசரக் கை என்று பட்டம் வந்துவிட்டது.

மறுநாள் நான் படுக்க வேண்டிய முறை. தபால்காரர் என் தோளில் கை வைத்தார். கடிதம் பிரிப்பவர் மாதிரி நிதானமாக விரலை வைத்து, “இங்க ரொம்ப இறுக்கமா இருக்கே, கொஞ்சம் நேரம் எடுக்கலாமா?” என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மேசையில் முகம் வைக்கும் துளை வழியாகத் தரையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. இருபத்தொரு வருடக் கல்யாணத்தில் நீங்கள் என்னை அப்படிக் கேட்டதில்லை. நானும் உங்களைக் கேட்டதில்லை.

டிசம்பருக்குள் வெளியாட்கள்மேல் நாற்பது மணி நேரம் பழகிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு படிவம், வந்தவரே நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ‘மாணவருக்கு என்ன உறவு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. சொந்தக்காரர் என்றால் அந்த மணி கணக்கில் வராது. டீச்சர் காரணம் சொன்னார்: “வீட்டு ஆளுங்க வலிச்சா நல்லா இருக்குன்னு சொல்வாங்க. நல்லா இருந்தா வலிக்குதுன்னு சொல்வாங்க. அவங்களை வச்சு ஒண்ணும் கத்துக்க முடியாது.” வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

இப்படிக்கு,
அவசரக் கை


அக்டோபர் 15

நலம் என்று எழுத வந்தேன். முழு நலம் இல்லை.

நீ பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் தோள்பட்டையைப் பார்த்து ஒன்று சொல். வலது கை காதுக்கு மேல் போக மாட்டேன் என்கிறது. சட்டை போடும்போது இடது கையால் வலது கையைத் தூக்கிவிடுகிறேன். லிப்டின் மேல் நின்று தலைக்கு மேலே போல்ட் முடுக்க வேண்டியிருக்கிறது. கூட வரும் ஆளிடம் ‘நீ கத்துக்கோ’ என்று ஸ்பானரைக் கொடுத்துவிட்டுப் பெரிய மனுஷன் மாதிரி நிற்கிறேன். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் என்னை மேசையில் உட்கார வைத்துவிடுவார்.

முதுகு விஷயத்தில் நான் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ‘கண்டவன்’ என்ற வார்த்தையை மட்டும். தபால்காரருக்கு என்ன வயது?

நவம்பர் 26 அன்று ஒரு ஆய்வுக்காக நம் ஊருக்கு வருகிறேன். இரண்டு நாள். கம்பெனி அறை கொடுக்கும், உனக்குத் தொந்தரவு இருக்காது.

இப்படிக்கு,
லிப்ட் மெக்கானிக்


நவம்பர் 18

அன்புள்ளவருக்கு,

தபால்காரருக்கு அறுபத்தொன்று. பேத்தி இருக்கிறாள். நிம்மதியாகத் தூங்குங்கள்.

தோளைச் சுற்றி நாலு சின்னத் தசைகள் இருக்கின்றன. அதற்கு மேல் நான் சொல்லக் கூடாது. நோய்க்குப் பெயர் வைப்பது எங்கள் வேலை இல்லை என்று முதல் வாரமே அடித்துச் சொல்லிவிட்டார்கள். டாக்டரிடம் போங்கள். போக மாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

என் பிழைப்பு ஊசலாடுகிறது. நாற்பது மணியும் முடிந்தது என்று எண்ணிக் கொடுத்தால், ஒன்றை அடித்துவிட்டார்கள். உங்கள் தங்கை வந்து ஒரு மணி நேரம் படுத்து ஊர்க்கதை முழுக்கச் சொல்லிவிட்டு, படிவத்தில் பெருமையாக ‘நாத்தனார்’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடும் போட்டிருக்கிறாள். மிச்சம் ஒரே ஒரு மணி. முப்பதாம் தேதி கடைசி நாள். ஒரு பிசியோதெரபி நிலையத்தில் ஜனவரியிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள், சான்றிதழ் இருந்தால் மட்டும். கீழ் வீட்டுத் தையல்காரம்மா இருபத்தெட்டாம் தேதி வருவதாகச் சத்தியம் செய்திருக்கிறார்.

நீங்கள் வந்தால் கணக்கில் வராது. கணக்குக்காகக் கூப்பிடவில்லை. கல்லூரிப் பயிற்சி அறைக்கு இருபத்தேழாம் தேதி பத்து மணிக்கு வாருங்கள். வீட்டுக்கு வரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
நான்தான்


நவம்பர் 28

நலம். ரயிலில் இருந்து எழுதுகிறேன், கையெழுத்து குலுங்கும்.

நேற்று நீ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இடுப்பில் எண்ணெய் பாட்டிலைச் செருகிக்கொண்டு நின்றதைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன். சிரிக்காமல், “வலது தோளைத் தொடலாமா?” என்று கேட்டாய். இருபத்தொரு வருடம் கழித்து இதென்ன கேள்வி என்று இருந்தது. நீ கையைத் தூக்கிவைத்தபடியே காத்திருந்தாய். நான் ‘ம்’ என்ற பிறகுதான் வைத்தாய். ஒரு இடத்தில் ‘போதும்’ என்றேன். உடனே நிறுத்திவிட்டாய். நீ வாதாடாமல் ஒன்றை நிறுத்தியதை நான் பார்த்ததே இல்லை. இன்று காலை இடது கையின் உதவி இல்லாமலே வலது கையைச் சட்டைக்குள் விட்டேன். பல் விளக்கும்போது அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

தையல்காரம்மாவுக்குக் காய்ச்சல், வர மாட்டார் என்று நீ போனில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. உன் முகமும் விழுந்துவிட்டது. நீ கை கழுவப் போனபோது படிவத்தை நிரப்பினேன். உறவு என்ற கட்டத்தில் ‘எதுவும் இல்லை’ என்று எழுதிவிட்டேன். உன் நாற்பதும் நிறைந்தது. இந்த வருடம் நான் உனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

இப்படிக்கு,
லிப்ட் மெக்கானிக்


டிசம்பர் 4

உங்களுக்கு,

அன்புள்ள என்று எழுத இன்று கை வரவில்லை.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கணக்கில் வராத படிவம்தானே என்று பார்க்காமலே கோப்பின் அடியில் வைத்திருந்தேன். முப்பதாம் தேதி டீச்சர் எண்ணினார். “நாப்பதும் இருக்கு, நல்லபடியா முடிச்சிட்டீங்க” என்றார். முப்பத்தொன்பதுதானே மேடம் என்றேன். அவர் படிவத்தை என் பக்கம் திருப்பினார். லிப்ட் கதவில் மாட்ட ‘பழுது’ என்று பலகை எழுதுவீர்களே, அதே அச்சு எழுத்து. எதுவும் இல்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் உங்களைப் பதினோரு இடத்தில் கேட்டேன். ஒவ்வொரு முறையும் நீங்கள் சொல்லும்வரை காத்திருந்தேன். நீங்கள் என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? மாற்றலுக்குக் கேட்கவில்லை. இதற்கும் கேட்கவில்லை. நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் இருபத்தொரு வருடத்தை அடித்துவிட்டு, அதற்கு நல்ல காரியம் என்று பெயரும் வைத்துவிட்டீர்கள்.

டீச்சரிடம் பேனா வாங்கினேன். அந்தப் படிவத்தை எழுதிய நீங்கள் யாரென்று சொன்னேன். “நல்லா யோசிச்சுக்கோங்க. இதை மாத்தினா இந்த தடவை சான்றிதழ் கிடையாது. அடுத்த பயிற்சி ஜூன்லதான்” என்றார். தபால்காரர் பின்னாலிருந்து, “அம்மா, யாருக்கும் தெரியப் போறதில்ல” என்று முணுமுணுத்தார். எனக்குத் தெரியுமே. நீங்கள் எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘கணவர்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

பிசியோதெரபி நிலையத்தில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். மறுபடியும் கூடம், சமையலறை, பால்கனி. ஜூன்வரை இப்படித்தான் நடக்கப் போகிறேன். வருத்தமாக இருக்கிறது. ஆனால் அந்தக் காகிதத்தை அப்படியே விட்டிருந்தால் இதைவிட மோசமாக இருந்திருக்கும்.

நீங்கள் எழுதியது உண்மை என்றால் சொல்லிவிடுங்கள். ஜூனில் உங்களையே வெளியாள் என்று கணக்குக் காட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நான்


டிசம்பர் 11

அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

உனக்கு உதவத்தான் அப்படி எழுதினேன் என்றது பாதிதான் உண்மை. மீதியையும் சொல்கிறேன். அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்ததும் ‘கணவர்’ என்று எழுதத்தான் கை போனது. நீ வந்து பார்த்து அதை அடித்துவிடுவாயோ என்று பயமாக இருந்தது. அந்த அறையில், உன் டீச்சர் முன்னால், நீ அடித்தால் என்னால் தாங்க முடியாது. அதனால் நானே முந்திக்கொண்டேன். மாற்றல் வாங்கியதும் அப்படித்தான். நீ போகச் சொல்வதற்கு முன் போய்விட வேண்டும் என்று போனேன். நீ போகச் சொல்லவே இல்லை என்பது இங்கே மூன்று அறை மாறிய பிறகுதான் உறைத்தது.

நீ அடித்தது வேறு வார்த்தையை. அதற்கு உன் வேலையையே விலையாகக் கொடுத்திருக்கிறாய்.

டாக்டரிடம் போனேன். தோளைப் பற்றிச் சூப்பர்வைசரிடமும் சொல்லிவிட்டேன். மேசை வேலைதான், அது எந்த ஊரிலும் இருக்கிறதாம். திரும்பி வர மாற்றல் விண்ணப்பம் எழுதி, கையெழுத்துப் போட்டு, சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.

கொடுக்கட்டுமா?

இப்படிக்கு,
கணவர்