ப்ரோகிராம் கடைசியாகக் கேட்டது

12 ஒக்டோபர், சனி

மஸ்கெலியாவில் விடியலிலிருந்து மழை. தோட்ட ஆபிஸில் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம் அடுக்கும் வேலை. "படிப்புச் சாமான் எல்லாத்தையும் வச்சிரு புஷ்பம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். புஷ்பம் எங்கள் ஃபைல்களுக்குப் பொறுப்பு.

மத்தியானம் அடையாள அட்டை விண்ணப்பம் அச்சடிக்கப் போனால், ப்ரோகிராம் திறந்ததுமே செத்தது. மூன்று தரம். சாதாரண தரப் பரீட்சை எழுத நாற்பத்தொரு பிள்ளைகள். அட்டை இல்லாமல் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். செவ்வாய் காலை ஆறு மணி பஸ்ஸில் விண்ணப்பங்கள் போயாக வேண்டும்.

13, ஞாயிறு

லீவு நாளிலும் ஆபிஸ். செய்தவை: ரீஸ்டார்ட். மறுபடி இன்ஸ்டால். உள்ளே தூசி தட்டல். ப்ரோகிராம் எழுதியவனைத் திட்டல். அவன் வெளிநாடு போய்விட்டான், கடிதத்துக்கும் பதில் இல்லை. பலன் பூஜ்யம்.

நாற்பத்தொன்றில் ஒருத்தி புஷ்பத்தின் மகள் ராதா. "கெடச்சிருமா மிஸ்?" என்றாள் புஷ்பம். கிடைக்கும் என்றேன். சும்மா வாய்த் தைரியம்.

14, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்!

எங்கள் கணினி ஓடும் லினக்ஸின் புத்தகமும் பூஜையில். ஹட்டன் கணினிக் கோர்ஸில் படித்தது திடீரென ஞாபகம்: ஸ்ட்ரேஸ் என்றொரு கட்டளை. ப்ரோகிராம் கணினியிடம் கேட்பதையெல்லாம் வரிவரியாகக் காட்டும். இந்தக் கோப்பைத் திற, இதைப் படி. வரி முடிவில் பதில். -1 என்றால் கிடைக்கவில்லை, வேறு எண் என்றால் கிடைத்தது. திரை நிறைய ஓடியது. கீழிருந்து மேலே படித்தேன். சாகும் முன் கடைசியாகக் கேட்டது: ஃப்ளொப்பித் தட்டில் உள்ள தோட்டத்துப் பெயர்ப் பட்டியல். பதில் -1.

ஃப்ளொப்பியா? எப்போதும் ட்ரைவிலேயே கிடக்கும், காலி என்று நினைத்திருந்தேன். குனிந்து பார்த்தேன். ட்ரைவில் ஒன்றுமில்லை.

"புஷ்பம், இதுல இருந்தது எங்க?"

"சாமிகிட்ட வச்சேன் மிஸ். நீங்கதானே படிப்புச் சாமான் எல்லாத்தையும் வைக்கச் சொன்னீங்க."

என் முதுகுக்குப் பின்னாலேயே, சரஸ்வதி படத்தடியில், லினக்ஸ் புத்தகத்துக்கு மேல், சந்தனப் பொட்டோடு. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். ப்ரோகிராம் எழுதியவனைத் திட்டியதெல்லாம் வீண்.

ஆனால் பூஜையில் வைத்ததை நாளை பத்து மணிக்குப் பூஜை முடிந்துதான் தொடலாம். பஸ் ஆறு மணிக்கு. எனக்குக் கை வரவில்லை. புஷ்பம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தானே எடுத்து, முந்தானையால் பொட்டைத் துடைத்தாள்.

"பரீட்ச எழுதப் போறது புள்ளைங்கதானே மிஸ். சாமி கோவிச்சுக்காது."

ட்ரைவ் கரகரத்தது. மறுபடி ஸ்ட்ரேஸ். அதே வரி. -1 இருந்த இடத்தில் 3. திறந்துவிட்டது! கத்தியே விட்டேன்.

பிரிண்டர் ஓடுகிறது. ராதாவுடையதை முதலில் போட்டேன். நீட்டினால் புஷ்பம் வாங்கவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே நிற்கிறாள்.