சாம்பிள் பார்க்காமல் எடுத்த அறை

அன்புள்ள அப்பாவுக்கு, மாரீஸ்வரி எழுதுவது. மழைக்கு உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? சென்னையில் நான் நல்ல சுகம்.

சித்தி வீட்டில் தங்கச் சொன்னீர்கள். தங்கவில்லை. போன தடவை, "எஸ்டேட்டுப் புள்ளைக்குக் கட்டில் எதுக்கு?" என்று சமையலறையில் பாய் போட்டதை நான் மறக்கவில்லை. ஹாஸ்டலில் இடம் கிடைக்கும்வரை ஓட்டல் அறை ஒன்றை ஆன்லைனில் ஏலம் கேட்டு எடுத்தேன். பாதி வாடகைதான். ஆனால் பணம் கட்டிய பிறகுதான் ஓட்டலின் பெயரையே காட்டுவார்கள். வண்டன்மேட்டு ஏலக்காய் ஏலத்தில் சாம்பிள் தட்டு வைக்கிற நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும்: "காயப் பாக்காம வெல சொல்லலாமாடி?"

பார்க்காமலே விலை சொல்லிவிட்டேன். ஓட்டல் சித்தி வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. துணி காயப்போட வந்த சித்தி ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டாள். உடனே போன். "தெருவே பாக்குது, வேற எடத்துக்கு மாறிப் போயிரு."

நம் ஊர் ஏலத்தில் எடுத்த சரக்கை யாராவது திருப்பித் தருவார்களா அப்பா?

அம்மாவின் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள், போர்த்திக்கொள்ள. இங்கே குளிரில்லை, சும்மாதான்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

மாரீஸ்வரி