திரும்பி நின்ற கப்பல்

அன்பு மகள் லெசியெலிக்கு, நம் ஊர் நெயாஃபுவிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே சனிக்கோளின் பக்கத்தில் நீயும் உன் கப்பலில் மிஞ்சியவர்களும் நல்லபடி இருக்க ஒவ்வொரு ஞாயிறும் ஜெபிக்கிறோம்.

அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனாலும் படகை எடுக்க வேண்டாம் என்றால் கேட்கிறாரா, உன்னைப் போலத்தான் அவரும். போன மாதம் செய்தியில் உன் பெயரைச் சொன்னார்கள். டைட்டன் நிலவின் குடியிருப்பிலிருந்து நாலாயிரம் பேரை ஏற்றிக்கொண்டு தப்பிய கப்பலை வேற்றுலகத்தார் துரத்தி வந்தார்களாம், பின்வாங்கச் சொன்ன உத்தரவை மீறி நீ உன் சின்னக் கப்பலைத் திருப்பிக் குறுக்கே நிறுத்தினாயாம். நாலாயிரம் பேரும் பிழைத்தார்கள், உன் ஆட்கள் ஒன்பது பேர் போய்விட்டார்கள், உன்மேல் விசாரணை என்றார்கள். கோவிலில் எல்லாரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், எனக்கோ அந்த ஒன்பது தாய்மாரின் நினைப்பில் ஒரு வாய் சேப்பங்கிழங்குகூடத் தொண்டையில் இறங்கவில்லை.

அவர்களில் ஒருத்தி போன வியாழக்கிழமை நம் வாசலில் வந்து நின்றாள். கடலுக்கு அப்பால் டவுன்ஸ்வில்லிலிருந்து வருகிறேன், பெயர் பிரான்வின், உன் கப்பலில் பீரங்கி சுட்ட கேலமின் அம்மா என்றாள். அப்பா வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து, "திட்டணும்னா எங்களத் திட்டுங்கம்மா, அவள வளத்தது நாங்கதான்" என்றார். அவள், "திட்ட வரலங்க. உங்க பொண்ணு எனக்குக் கைப்படப் பதினோரு பக்கம் எழுதியிருக்கா. என் புள்ள அன்னிக்கு என்ன சாப்பிட்டான், யாரக் கேலி பண்ணான், எல்லாம் இருக்கு. கப்பலத் திருப்பி எதுத்து நிக்கலாமான்னு எல்லார்கிட்டயும் கேட்டாளாம், மொதல்ல கை தூக்குனது அவன்தானாம். இப்படி ஒருத்தியப் பெத்தவங்களப் பாக்கணும்னு தோணுச்சு" என்று சொல்லும்போதே உடைந்துபோனாள். நானும் அவளோடு சேர்ந்து அழுதேன். மூன்று நாள் நம்மோடு தங்கினாள். மண்ணில் குழியடுப்பு தோண்டிப் பன்றி சுட்டோம், அப்பாவின் அரைகுறை இங்கிலீஷைக் கேட்டுச் சிரித்தாள், அப்புறம் சிரித்துவிட்டோமே என்று அழுதாள். புறப்படும்போது என் கல்யாணப் பாயை அவளுக்குக் கொடுத்துவிட்டேன், உனக்கென்று வைத்திருந்ததுதான், கோபித்துக்கொள்ளாதே. விசாரணையில் உனக்காகப் பேச வருகிறாளாம், மற்ற எட்டு வீட்டுக்கும் எழுதிக் கேட்டதில் ஆறு வீட்டார் வருகிறார்களாம். இரண்டு வீட்டார் உன் பெயரைக் கேட்கவே விரும்பவில்லையாம். அவர்கள்மேல் வருத்தம் வைக்காதே மகளே, அது அவர்கள் உரிமை.

அதிகாரிகள் முன்னால் தலை குனியாதே, வாய்த்துடுக்கும் வேண்டாம். உத்தரவை மீறினேன் என்று நீயே முதலில் சொல்லிவிடு. பதவியைப் பறித்தால் பறிக்கட்டும், உன்னைப் பெற்றவள் என்ற என் பதவியை யாரும் பறிக்க முடியாது. நேரத்துக்குச் சாப்பிடு. கடவுள் உன்னைக் கைவிடமாட்டார்.

கேலமின் பிறந்தநாள் ஆகஸ்ட் ஒன்பது. அன்றைக்கு பிரான்வினுக்கு எழுத மறக்காதே, இந்த வருஷம் மட்டுமல்ல.

ஆயிரம் முத்தங்களுடன்
உன் அம்மா
கலோலைனே