மேஸ்திரியின் தலைப்பாகை

மைசூர், ஐப்பசி, 1938

அப்பாவுக்கு மாதேவியின் வணக்கம். நான் சுகமாகத்தான் இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

பட்டாலையில் என்னை மேஸ்திரி ஆக்கியதை முன்பே எழுதியிருந்தேன். பழைய மேஸ்திரி அதட்டியபோது கண்டிப்பானவர் என்றார்கள். நான் அதட்டினால் ராங்கிக்காரி. அதட்டாவிட்டால், பொம்பளைக்கு வேலை வாங்கத் தெரியாது. கவலைப்படாதீர்கள், எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

நேற்று பட்டு வாங்க பம்பாய் சேட் ஒருவர் வந்தார். "மேஸ்திரி யாரு?" என்றார். எதிரே நான் நிற்கிறேன். அவரோ என்னைத் தாண்டிப் போய், தலைப்பாகை கட்டியிருந்த பாய்லர்காரர் கெம்பையனைக் கும்பிட்டார். நூலைப் பார்க்க வேண்டும், வேலையை நிறுத்தச் சொல்லுங்கள் என்றார்.

"நானில்லீங்க, மேஸ்திரி அந்தம்மாதானுங்க."

சேட் நம்பவில்லை. "நிறுத்துங்க!" என்று தானே கத்தினார். கொதிநீர்த் தொட்டிகளில் பட்டுக்கூடுகளிலிருந்து நூல் எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கையை உயர்த்தினேன். வரிசை முழுவதும் ராட்டைகள் நின்றன.

மேஸ்திரிக்கென்று ஆலையில் கொடுக்கும் சரிகைத் தலைப்பாகையை, பெண்ணுக்கு எதற்கு என்று மானேஜர் இதுவரை பூட்டியே வைத்திருந்தார். நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர், சாயங்காலம் அதை எடுத்து என் கையில் கொடுத்தார்.

கொஞ்சம் ராகி மாவு அனுப்புங்கள். இங்கேயும் கிடைக்கிறது, ஆனாலும் நம் காட்டு ராகிதான் வேண்டும். பதிலைக் கொஞ்சம் நீளமாக எழுதுங்கள்.

ஆலைச் சங்கு ஊதிவிட்டது. தலைப்பாகையை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். ஹனூர்ச் சந்தைக்குக் கட்டிக்கொண்டு போங்கள். யாருடையது என்று கேட்டால், மேஸ்திரியுடையது என்று மட்டும் சொல்லுங்கள். எந்த மேஸ்திரி என்று அவர்களே கேட்கட்டும். அப்புறம் என் பெயரைச் சொல்லுங்கள்.

மாதேவி