சோப்பு போட்டு அலசிய அங்கி

கியூபெக்

அன்புள்ள அம்மாவுக்கு, மத்தூரென் எழுதுவது. நான் சுகம். உங்கள் இடுப்புவலி குறைந்ததா?

என் முதலாளி புரெஷார் பணக்காரரானதே அழுக்கு அங்கிகளால்தான். மற்ற வியாபாரிகள் பீவர் என்ற நீர்விலங்கின் புதுத் தோலைத் தேடியபோது, இவர் இங்குள்ள பழங்குடிகளான கிரீ மக்கள் இரண்டு குளிர்காலம் உடுத்திய பழைய பீவர்தோல் அங்கிகளை வாங்கினார். உடம்பின் எண்ணெய் ஊறி மெத்தென்றான தோலுக்குப் பாரிஸ் தொப்பிக்காரர்கள் இரட்டை விலை தருகிறார்கள். பழைய அங்கி கிடைப்பது குறைந்ததும், வேலையாட்களான எங்களுக்கே ஆளுக்கொன்று மாட்டிவிட்டார். அது பதமானால்தான் ஊருக்குக் கப்பல் என்பது பேச்சு.

எனக்கு அரிப்பு தாங்கவில்லை. ஈஸ்டருக்கு நீங்கள் அனுப்பிய சோப்பைப் போட்டு அங்கியை அலசிவிட்டேன்.

முதலாளி முகர்ந்து பார்த்துத் தலையில் கைவைத்தார். "ரெண்டு வருஷ அழுக்க ஆத்துல விட்டுட்டியேடா, பாவி."

தோல் விற்க வந்திருந்த கிரீப் பெண் சிரித்தாள். "எங்க வீட்டுக்காரரு அங்கியப் போட்டுக்கிட்டுத் தூங்கியே பதமாக்கிடுவாரு. இவருக்கு அதுகூட வரலையே."

"இன்னும் ரெண்டு குளிர்காலம் போடு. அப்புறம் கப்பலப் பத்திப் பேசலாம்" என்றார் முதலாளி.

ஆகவே இந்தக் கோடையில் நான் வரவில்லை. கவலை வேண்டாம், குளிருக்கு அங்கி இருக்கிறது. காலுறை இரண்டு ஜோடி பின்னி அனுப்புங்கள். சோப்பு மட்டும் அனுப்பாதீர்கள். கண்ணில் பட்டால் மறுபடியும் அலசிவிடுவேன். கடிதம் வாங்கும் மாலுமி அவசரப்படுத்துகிறான்.

மத்தூரென்