சின்னமலையோடு நின்றுபோன நடை

சேசு மரி சூசை துணை

சாந்தோம்

அன்பு மகள் சான்ட்ராவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம், உன் அம்மா என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சுகம். அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை ஆண்ட்ரூவும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் கேட்டுக்கொள்கிறோம். போனில் பேசுவதை விட்டு அப்பா ஏன் பேனாவைத் தூக்கினார் என்று நினைப்பாய். எந்தப் போனில் நீ கூப்பிட்டாலும் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள், நான் பேச வேண்டியதோ அம்மாவைப் பற்றி. அதனால்தான் தபால்.

நேராகவே சொல்லிவிடுகிறேன் கண்ணு, எனக்குப் பொறாமை. வேறு யார் மீதும் இல்லை, கட்டிய மனைவி மீது. வேலையில் இருந்த காலம் முழுக்க விசில் ஊதிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஓடவிட்டவன் நான், இன்றும் நம் கோயில் பங்கில் எனக்குப் பெயர் பி.டி. மாஸ்டர்தான். நீ பிசியோதெரபி படித்ததுகூட என்னைப் பார்த்துத்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். படித்து முடித்து என்ன செய்தாய்? தினமும் இங்கே பதினோரு மணிக்கு, அங்கே நீ வேலைக்குக் கிளம்பும் முன், வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்கிறாய், சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கச் சொல்கிறாய், ஒற்றைக் காலில் நிற்கச் சொல்கிறாய். கோயிலுக்குப் போகவே ஆட்டோ கேட்டவள் இப்போது மந்தைவெளி மார்க்கெட்டுக்கு நடந்து போய்க் கீரை வாங்கி வருகிறாள். மூன்று மாத சர்க்கரை டெஸ்ட்டில் அவளுக்கு இறங்கியிருக்கிறது, எனக்கு ஏறியிருக்கிறது. அந்த ரிப்போர்ட்டை அவள் வாசலில் நின்று எல்லோருக்கும் படித்துக் காட்டாத குறைதான். அம்மாவிடம் அதையெல்லாம் கற்றுக்கொண்ட மேல் வீட்டு ஜலஜா வேறு, உங்களாலதான் மர்சலின் நான் இப்போ மாடிப்படி ஏறிண்டிருக்கேன் என்று என் முன்னாலேயே அவளிடம் சொல்கிறார். என்னைப் பார்த்தால் தண்ணீர் மோட்டார் போட்டாச்சா என்று மட்டும் கேட்கிறார். பி.டி. மாஸ்டர் இந்த வீட்டில் யார் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இந்தத் தவக்காலத்தில் நடந்ததை அம்மா உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பாள், என் மானத்தைக் காப்பாற்ற. வருஷா வருஷம் பங்கிலிருந்து பரங்கிமலைக்கு நடைப்பயணம் போவது உனக்குத் தெரியும். நான் எப்போதும் ஒழுங்கு பார்க்கிறேன் என்று தண்ணீர் கேன் போடும் ஜாக்சனுடைய குட்டியானை வண்டியில் கேன்களோடு முன்னால் போய்விடுவேன். இந்த வருஷம் அம்மா நேர்ந்துகொண்டு நடக்கப் பெயர் கொடுத்தாள், உடனே நானும் கொடுத்தேன். அம்மா ஒரு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டிப் பழகினாள், நான் ஒரு நாளும் பழகவில்லை, எனக்கா பழக்கம் வேண்டும் என்று இருந்தேன். அன்றைக்கு ஒருசந்தி வேறு, ஒரு வேளைச் சாப்பாடுதான். கிளம்பும் முன் ஒரு வாழைப்பழமாவது சாப்பிடுங்கள், சர்க்கரைக்காரருக்கு ஒருசந்தி கட்டாயம் இல்லை என்று சாமியாரே சொல்லிவிட்டார் என்றாள். கேட்கவில்லை. ஓடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாய், வழியில் கொடுத்த தண்ணீரையும் வாங்கவில்லை. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்று சான்ட்ரா சொல்லியிருக்கிறாள், மெதுவாக வாருங்கள் என்றாள். உன் பெயரைச் சொன்னதுதான் தாமதம், அவளை முந்திக்கொண்டு போனேன்.

அடையாறு வரை ராஜாதான். சைதாப்பேட்டை வந்ததும் கண் இருட்டியது, சின்னமலைக் கோயில் வாசலில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மா ஓடி வந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, காலை நீட்டிப் பாதத்தை மெல்ல என் பக்கமாக மடக்கிப் பிடித்தாள், வலி விட்டது. நீ சொல்லிக்கொடுத்ததாம் அதுவும். பிறகு, நானும் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றாள். நீ போ, உன் நேர்ச்சையை விடாதே என்றேன் நான். வாய்தான் அப்படிச் சொன்னது மகளே. அவள் இருக்க வேண்டும் என்றுதான் மனசு கேட்டது. அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள், நிறம் திரும்பிவிட்டது என்று கண்டுகொண்டு, ஜாக்சனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். ஜாக்சன் சும்மா இருப்பானா? இன்னா மாஸ்டர், மேடம் ஜோரா போய்க்கினு கீறாங்க, நீங்க இன்னாடான்னா கேன் பக்கத்துல குந்திக்கினு கீறீங்க என்று சிரித்தான். அவள் மலைமேல் ஏறி மெழுகுவர்த்தி ஏற்றி, எனக்காகவும் ஒன்று ஏற்றிவிட்டு வந்தாள். அதற்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் கண்டுகொள்ளாமல் கஞ்சியும் துவையலும் வைத்துவிட்டு, பதினோரு மணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உன்னிடம் பாடம் கேட்கப் போய்விட்டாள்.

டாக்டர் மாத்திரையை மாற்றிக்கொடுத்து, தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். ஈஸ்டர் பாஸ்கா முடிந்ததிலிருந்து காலையில் இருவரும் கடற்கரைக்குப் போகிறோம். இப்போது பாட்டில் நிறையத் தண்ணீர் கொண்டுபோகிறேன், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் படி இறங்குகிறேன். ஆனால் கலங்கரை விளக்கம் வரும் முன்பே எனக்கு மூச்சு வாங்குகிறது. அப்போதெல்லாம் அம்மா சட்டென்று குனிந்து, இந்த ஷூ லேஸ் அவிழ்ந்துகொண்டே இருக்கிறது, கொஞ்சம் நில்லுங்கள் என்கிறாள். நானும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என் மூச்சு சீரானதும் எழுந்து நடக்கிறாள். நீ அவளுக்கு வாங்கி அனுப்பிய அந்த ஷூவில் லேஸ் கிடையாது சான்ட்ரா, ஒட்டுப் பட்டைதான்.

அதனால் ஒரு உதவி செய். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா அந்தோணியார் கோயில் நவநாள் ஜெபத்துக்குப் போய்விடுவாள், உனக்கு அது மதியச் சாப்பாட்டு நேரம். அப்போது என் போனுக்குக் கூப்பிடு. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்து ஆரம்பித்து எல்லாம் எனக்கும் சொல்லிக்கொடு, கத்துக்குட்டி என்றே வைத்துக்கொள். அவளை முந்த வேண்டும் என்ற ஆசை சின்னமலையிலேயே போய்விட்டது. அவள் குனியாமல் நடக்கும்படி பக்கத்தில் நான் நடந்தால் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, ஊருக்கெல்லாம் உடம்பைப் பார்த்துச் சொல்கிறவள் உன் உடம்பையும் பார். தேவமாதா உங்கள் இருவரையும் தன் மேலங்கிக்குள் வைத்துக் காக்கட்டும். மறந்துவிடாதே, லேஸ் விஷயம் எனக்குத் தெரியும் என்று அம்மாவுக்குத் தெரியவே கூடாது.

இப்படிக்கு,
உன் அப்பா
பிரகாசம்